பழங்கல்லும் பதிவேடும்: படுத்துப்போன டேட்டாபேஸை எழுப்பிய வரலாறு

டேட்டாபேஸ் சர்வர் ஒன்று கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் என்ன செய்வோம்? எரர் மெசேஜை அப்படியே காப்பி எடுத்து கூகிளில் போடுவோம். வந்து விழும் பதில்களில் ஏதாவது ஒன்று, "மொத்தமாத் தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லும். கீழே நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருப்பார்கள். சரியாகவும் ஆகிவிடும். சர்வர் ஜோராகக் கிளம்பும். உள்ளே ஒரு டேபிள்கூட இருக்காது, அவ்வளவுதான் :-)

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

இந்த விஷயத்தில் நம்மூர் ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரொம்ப விவரமாக இருந்திருக்கிறார்கள். உடனே "ஆகா, இன்னொருத்தன் கிளம்பிட்டான், சோழர் காலத்திலேயே கம்ப்யூட்டர் இருந்ததுன்னு சொல்லப்போறான்" என்று ஓடிவிடாதீர்கள். அப்படியெல்லாம் கதை விடப் போவதில்லை. அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் பிரச்சனை அதேதான்: எழுதி வைத்த இடம் இடியும்போது எழுதியதை எப்படிக் காப்பாற்றுவது?

ஊரகத்துக் கணக்கு

காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. பட்டுப்புடவை வாங்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. திவ்ய தேசங்களில் ஊரகம் என்று சொல்வது இதைத்தான். இந்தக் கோயிலின் வரவு செலவு பற்றிய ஒரு செப்பேட்டுத் தொகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உத்தம சோழன் காலத்தது, அதாவது 10ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. (பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு: மதுராந்தகன். நாவலில் வருகிற குழப்பமெல்லாம் இங்கே வேண்டாம், இவர் நிஜ உத்தம சோழன்.)

அதில் என்ன இருக்கிறது? கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சிபுரத்தில், எடை போட்டு விற்கிற பொருளுக்கும் அளந்து விற்கிற பொருளுக்கும் வாங்குகிற கூலி கோயிலுக்குச் சேரவேண்டும் என்கிற ஏற்பாடு இருக்கிறது. கோயில் பொன்னை ஊர்ச் சேரிகளிடம் வட்டிக்குக் கொடுத்த விவரம் இருக்கிறது. தினப்படி பூஜைக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்கிற செலவுப் பட்டியல் இருக்கிறது. இதெல்லாம் நடப்பதை மேற்பார்வை பார்க்க யாரைப் போட்டார்கள் என்று பாருங்கள்: பட்டசாலிகள் என்று சொல்லப்பட்ட நெசவாளர்களை. தறி ஓட்டுகிற ஊர்க்காரர்களிடமே கோயில் கணக்கை ஒப்படைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. முன்னாடியே கல்லில் வெட்டியிருந்த பழைய முதலீட்டு விவரங்களையும் இந்தச் செப்பேட்டில் எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு காப்பி, செம்பில் ஒரு காப்பி. ஒன்று போனால் இன்னொன்று. நம்ம பாஷையில் ரெப்ளிகா.

அம்மா செய்த ரீஸ்டோர்

உத்தம சோழனின் அம்மா செம்பியன் மாதேவி. செங்கல் கோயில்களையெல்லாம் கற்றளியாக மாற்றியவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குள் பெரிய டேட்டா மைக்ரேஷன் பிரச்சனை ஒளிந்திருக்கிறது. பழைய கோயிலில் கல்வெட்டுகள் இருக்குமே, கோயிலை இடித்தால் அவை என்ன ஆகும்?

கல்வெட்டு என்றால் நமக்கு வரலாறு. அன்றைக்கு அது பத்திரம். இந்த நிலம் கோயிலுக்கு, இந்த ஆட்டு மந்தையிலிருந்து வரும் நெய் விளக்குக்கு, இந்தப் பொன்னின் வட்டி இந்தத் திருவிழாவுக்கு. அது அழிந்தால் நிலம் கைமாறும், விளக்கு அணையும், யாரும் கேள்வி கேட்க முடியாது.

கும்பகோணம் பக்கத்தில் திருக்கோடிகாவலில் அந்த அம்மா கோயிலைக் கல்லில் கட்டியபோது பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். அதோடு, "இது பழைய கல்லின் படி" என்கிற குறிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். இது ஒரிஜினல் இல்லை, காப்பி என்று காப்பியே சொல்கிறது. எத்தனை பேக்கப் ஃபைலில் இவ்வளவு நேர்மையான பெயர் வைக்கிறோம்? "நியூ ஃபைனல் 2 லேட்டஸ்ட்" என்றுதானே வைக்கிறோம் :-)

அடுத்த தலைமுறையில் இன்னும் சுவாரசியம். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. ராஜராஜன் அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்து மறுபடி கட்டச் சொன்னார். அதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார். வேலை முடிந்து, அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் வெட்டியது மகன் ராஜேந்திரன் ஆட்சியில். அப்பா காலத்தில் டம்ப், பையன் காலத்தில் ரீஸ்டோர்! நடுவில் ராஜாவே மாறியும் அந்தப் புத்தகம் தொலையவில்லை. நம்ம ஆபீஸில் மேனேஜர் மாறினாலே பேக்கப் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் படி. பிறகு இடிப்பு. பிறகு கட்டுமானம். கடைசியாக மறுபடி வெட்டுதல். இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு.

சிட்டையும் பேரேடும்

சரி, கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவலையெல்லாம் டேபிள்களாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை நிஜமாக்க 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் நடந்தது. டேபிள் போடுவதைவிடப் பெரிய தலைவலி, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான்.

ஒரு கணக்கிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து இன்னொன்றில் போடுகிறோம். எடுத்தாச்சு, போடுவதற்குள் மெஷின் அணைந்துவிட்டது. அந்த ஆயிரம் எங்கே?

சிஸ்டம் ஆர் ஆட்கள் முதலில் நிழல் பக்கங்கள் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய பக்கத்தைத் தொடாமல் பக்கத்திலேயே புதுப் பக்கம் எழுதி, எல்லாம் முடிந்ததும் புதியதுக்கு மாறிக்கொள்வது. கோயில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் பெரிய டேட்டாபேஸுக்கு இது கட்டுப்படியாகவில்லை. 1981இல் ஜிம் கிரேயும் சகாக்களும் எழுதிய கட்டுரையிலேயே, பதிவேடு வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

பதிவேடு என்றால் என்ன? பழைய மளிகைக்கடை, ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு ஒரு வரியில் புரியும். வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் எழுதுவார். சாயங்காலம் நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் தண்ணி கொட்டிவிட்டதா? பரவாயில்லை, சிட்டை இருக்கிறது. ஆனால் சிட்டையில் எழுதாமல் நேராகப் பேரேட்டைத் திருத்தினால், அந்தக் கடை உருப்படாது.

டேட்டாபேஸும் அதேதான். எந்த மாற்றத்தையும் முதலில் லாகில் எழுதி டிஸ்கில் பத்திரப்படுத்து, பிறகுதான் நிஜமான டேட்டா பக்கத்தைத் தொடு. இந்த ஒரு விதியின் மேல்தான் இன்றைக்கு நம்ம பேங்க், ரயில் டிக்கெட் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது.

(ஜிம் கிரேக்கு 1998க்கான டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில் தன் பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நண்பர்களும் முன்பின் தெரியாதவர்களுமாகச் சேர்ந்து சாட்டிலைட் படங்களை அலசித் தேடினார்கள். கிடைக்கவில்லை. எதுவுமே தொலையக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் வேலை செய்த மனுஷன்.)

மெட்ராஸிலிருந்து போன மோகன்

சிட்டை இருக்கிறது, சரி. கரண்ட் வந்த பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டை எப்படிச் சரிசெய்வது? சிட்டையில் சில வரிகள் ஏற்கெனவே பேரேட்டில் ஏறியிருக்கும், சில ஏறியிருக்காது. சில வியாபாரம் முடிந்திருக்கும், சில பாதியில் நின்றிருக்கும். இந்தச் சிக்கலுக்குத் தெளிவான செய்முறை எழுதியவர்களில் முதல் பெயர் நம்ம ஊர்ப் பெயர்: சி. மோகன்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். சென்னை ஐஐடியில் 1977இல் பி.டெக் முடித்தார், அதுவும் கெமிக்கல் எஞ்சினியரிங்! அந்த வளாகத்துக்கு 1973இல் வந்திருந்த ஐபிஎம் 370 மெஷின் அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தது. அமெரிக்கா போய் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் டாக்டர் பட்டம், அதே வருஷம் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை. 1992இல் நான்கு சகாக்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைதான் ஏரீஸ். (மேஷ ராசிதான். ஆனால் ஜோசியம் இல்லை.) கிட்டத்தட்ட எழுபது பக்கம். 1997இல் ஐபிஎம் ஃபெலோ ஆனார், 2006 முதல் 2009 வரை ஐபிஎம் இந்தியாவின் தலைமை விஞ்ஞானியாக இருந்தார், 2020இல் ஓய்வு பெற்றார்.

ஏரீஸ் சொல்வது மூன்று படி.

முதல் படி, ஆராய்ச்சி. மெஷின் விழுந்த நேரத்தில் என்னென்ன வேலை பாதியில் இருந்தது, எந்தப் பக்கங்களில் மாற்றம் ஏறாமல் இருந்திருக்கலாம் என்று லாகைப் படித்துத் தெரிந்துகொள்.

இரண்டாம் படி, நடந்ததைத் திரும்ப நடத்து. விட்டுப்போன மாற்றங்களை எல்லாம் வரிசையாக மறுபடி செய். முடிந்த வேலை, முடியாத வேலை என்று பார்க்காதே. எல்லாவற்றையும் செய். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஏறிய லாக் வரியின் எண் இருக்கும், அதனால் ஒரே வரியை இரண்டு தடவை ஏற்ற வாய்ப்பில்லை.

மூன்றாம் படி, முடியாமல் நின்றதைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவிழ். அவிழ்ப்பதையும் லாகில் எழுது. ஏன்? அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போகலாமே!

இரண்டாம் படி முதலில் படித்தபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. எப்படியும் ரத்தாகப் போகிற வேலையை எதற்கு மெனக்கெட்டு மறுபடி செய்ய வேண்டும்? விஷயமே அங்கேதான் இருக்கிறது. விபத்து நடந்த கணத்தில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முதலில் போய்ச் சேர். அதற்கப்புறம் சாதாரண நாளில் எப்படி ரத்து செய்வாயோ அப்படியே ரத்து செய். தனிச் சட்டம் எதுவும் வேண்டாம். தறியில் பூ தப்பாக விழுந்துவிட்டால் புடவையைக் கத்தரிக்கிறார்களா என்ன? எந்த ஊடையில் தப்பு விழுந்ததோ அதுவரை ஒவ்வொரு ஊடையாகப் பின்னாலிருந்து பிரித்து, அங்கிருந்து மறுபடி நெய்வார்கள்.

ஐபிஎம்மின் டிபி டூ, மைக்ரோசாஃப்டின் சீக்வெல் சர்வர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. போஸ்ட்கிரெஸுக்கு இந்த மாதிரி முன்பதிவு லாக் 2001இல் வந்த 7.1 பதிப்பில்தான் சேர்ந்தது. மைஎஸ்க்யூஎல் 1995இல் வந்தபோது அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபின்லாந்தின் ஹெய்க்கி டூரி எழுதிய இன்னோடிபி வந்து சேர்ந்த பிறகுதான் விழுந்தால் எழுந்திருக்கிற தெம்பு வந்தது. 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் அதில் வழக்கமான எஞ்சின்.

பட்டுக்கடையில் ஒரு ராத்திரி

இதெல்லாம் புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும். நேரில் பார்த்தது சில வருஷங்களுக்கு முன். வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். அப்பாவின் சிநேகிதர் அங்கே பட்டு நெசவு கொடுத்து வாங்குகிற தொழில் செய்கிறார். எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டுநூல், எவ்வளவு கிராம் ஜரிகை கொடுத்திருக்கிறது, எத்தனை புடவை வந்தது, கூலி எவ்வளவு பாக்கி, எல்லாம் ஒரு லினக்ஸ் மெஷினில் மைஎஸ்க்யூஎல்லில் இருந்தது. சர்வர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் கட். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் வந்தது, சர்வர் வரவில்லை. மறுநாள் கூலி நாள்.

ஜரிகை என்றால் வெள்ளியும் தங்கமும். கணக்கு போனால் தறிக்காரர் சொல்வதையோ முதலாளி சொல்வதையோ நம்பவேண்டும். ரெண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்தாலும் சண்டை வரும்.

கருப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். செய்த வரிசை இது:

முதலில் எதையும் நீக்கவில்லை. எரர் லாகின் கடைசி வரிகளைப் படித்தேன். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, டேட்டா இருக்கிற டைரக்டரி சரியான பயனர் பெயரில் இருக்கிறதா என்று பார்த்தேன். ரெண்டும் சரி. டேட்டா பக்கம் ஒன்று கெட்டிருப்பதாக லாக் சொன்னது.

சர்வர் நின்ற நிலையிலேயே டேட்டா டைரக்டரி முழுவதையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன். திருமழபாடிப் புத்தகம் தயார்.

பாதியில் நின்ற இன்ஸ்டாலேஷனை முடித்து வைக்கச் சொன்னால், அது சர்வரைக் கிளப்பிப் பார்க்கிறது. சர்வர் கிளம்பாததால் இன்ஸ்டாலேஷனும் முடியமாட்டேன் என்கிறது. நம்மூர் ஆபீஸில் அந்த சர்டிஃபிகேட் இருந்தால்தான் இந்த சர்டிஃபிகேட் என்பார்களே, அந்தக் கதை. இங்கேதான் பலர் பர்ஜ் என்ற கட்டளைக்குப் போவார்கள். அது கேட்கிற கேள்விக்குத் தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொன்னால் டேட்டாவும் சேர்ந்து போகும்.

அதற்குப் பதில், இன்னோடிபியில் கட்டாய மீட்பு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒன்று முதல் ஆறு வரை. ஒன்றிலிருந்துதான் ஏறவேண்டும். நாலுக்கோ அதற்கு மேலோ போனால் டேட்டாவே நிரந்தரமாகக் கெடலாம், ஆறில் லாகையே பார்க்காது. ஒன்று என்று வைத்துக் கிளப்பினேன். கெட்ட பக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டு, லாகைப் படித்து, திரும்ப நடத்தி, அவிழ்த்து, சர்வர் எழுந்தது.

பக்கத்தில் நின்றிருந்த மாமா, "தம்பி, பேசாம பழையபடி சிட்டையிலேயே எழுதியிருக்கலாமோ?" என்றார்.

"உள்ளேயும் ஒரு சிட்டைதான் மாமா ஓடுது. அதுதான் காப்பாத்திச்சு" என்றேன்.

எழுந்த உடனே எல்லா டேபிளையும் டம்ப் எடுத்தேன். சர்வரை நிறுத்தி, பழைய டைரக்டரியை அழிக்காமல் ஓரமாக நகர்த்தி, காலி டைரக்டரியைத் தொடங்கி, கட்டாய மீட்பை எடுத்துவிட்டு, இன்ஸ்டாலேஷனை முடித்து, டம்பை உள்ளே ஏற்றினேன். மணி மூன்று.

காலையில் தறிக்காரர்கள் கையில் வைத்திருக்கிற நோட்டோடு ஒவ்வொரு கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. கரண்ட் போன நிமிஷத்தில் பாதி அடித்திருந்த ஒரே ஒரு ஜரிகைப் பதிவு மட்டும் இல்லை. அது முடியாத வேலை, அவிழ்க்கப்பட்டுவிட்டது. அந்தத் தறிக்காரர் நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். மோகன் எழுபது பக்கத்தில் எழுதியது அந்த ஒரு வரியில் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கூலி கொடுத்து முடித்தார்கள்.

படியெடுக்காமல் கல்லைத் தொடாதே

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷம். ஆனால் பழைய பக்கம் இன்னொன்று பாக்கி இருக்கிறது.

1886இல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு ஆய்வாளராக ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் நியமிக்கப்பட்டார். அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஊர் ஊராகப் போய், ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, மை தட்டி, ஆயிரக்கணக்கில் மைப்படி எடுத்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், கல்லை மாற்றி அடுக்கினார்கள். கோயில் பளபள என்று கிளம்பிவிட்டது. எழுத்து போய்விட்டது. இப்படி எழுத்து போன சுவருக்கெல்லாம் மைப்படி மட்டும்தான் மிச்சம். மைப்படியும் எடுக்காத சுவர் என்றால் அதுவும் கிடையாது.

மொத்தமாத் தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு என்று சொல்கிற அதே புத்திதான் இது. செம்பியன் மாதேவி இந்தத் தப்பைச் செய்யவில்லை. ராஜராஜன் செய்யவில்லை. அவர்களைவிட நமக்கு வசதி அதிகம், பாக்கெட்டிலேயே கேமரா இருக்கிறது.

அதனால் ரெண்டே ரெண்டு வேண்டுகோள். ஒன்று, உங்கள் வலைப்பூ சொந்த சர்வரில் இருந்தால் இன்றைக்கே ஒரு டம்ப் எடுங்கள். எடுத்ததை வேறொரு மெஷினில் ஏற்றியும் பாருங்கள், ஏறாத பேக்கப் பேக்கப்பே இல்லை. அத்திவரதர் மாதிரி நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பது டேட்டாபேஸுக்குச் சரிப்படாது. இரண்டு, உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்குச் சாரம் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால், சுவரில் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இருந்தால் படம் எடுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், திருப்பணிக் கமிட்டியிடம் பக்குவமாகப் பேசுங்கள்.

உங்கள் ஊரில் இப்படித் தப்பிப் பிழைத்த கல்வெட்டோ கணக்கோ இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே.

டிஸ்கி: கட்டாய மீட்பை நாலிலோ அதற்கு மேலோ வைத்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. முதலில் படி, பிறகுதான் இடி :-)